பெருவிரல் பட்ட இடம்

முப்பிடாதி செத்த பிறகுதான் வாயைத் திறந்தாள் என்று மேட்டுத் தெருவில் இப்போது சிலர் கதை கட்டுகிறார்கள், அதை நம்ப வேண்டாம். உயிரோடு இருந்த காலத்திலும் அவள் ஓயாமல் பேசியவள்தான், அரிசி களையும்போது அரிசியோடும், கோலம் போடும்போது வாசலோடும், யாரும் கிடைக்காவிட்டால் அடுப்போடும் பேசியவள்தான், என்ன, அப்போது அதைக் காது கொடுத்துக் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை, அவள் புருஷன் ஆவுடையப்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேற்கே மலை, மலைக்குக் கீழே குளம், குளத்துக்குக் கீழே அருவங்குளம் என்ற சின்ன ஊர்; அந்த ஊரில் கல்யாணமோ சடங்கோ கோயில் கொடையோ, எந்த மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறினாலும் அதை ஏற்றிக் கட்டியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சிதான். ஆம்ப்ளிஃபயரைக்கூட அடுத்தவன் தொட விடுவார், இசைத்தட்டை மட்டும் தொட விடமாட்டார். முன்னறை மர அலமாரியில் தட்டுகள் புத்தகம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று படுக்கக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று சாயக் கூடாது, வெயில் எட்டிப் பார்க்கக் கூடாது, பூச்சி வராமல் இருக்கத் தட்டுக்கு ஒரு கற்பூரத் துண்டு உறைக்கு வெளியே இருக்க வேண்டும். கையில் எடுத்தால் உள்ளங்கை விளிம்பிலும் விரல் நுனி நடுக் காகிதத்திலும் பட வேண்டுமே தவிர, இடையில் இருக்கிற கறுப்பில், பாட்டு ஓடுகிற அந்த வரிகளில், காற்றைத் தவிர எதுவும் படக் கூடாது. விரலில் எண்ணெய் இருக்கும், எண்ணெயில் தூசி ஒட்டும், தூசியில் சாரல் காலத்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பாட்டைத் தின்றுவிடும் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளையில்லாத வீடு, ஆகவே தெருவில் அவரைக் கேலி செய்ய ஆள் இருந்தார்களே தவிர, முகத்துக்கு நேராகக் கேலி செய்ய ஆள் இல்லை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் முப்பிடாதிக்குத் தட்டைத் தொட அனுமதி உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கொல்லனுக்குச் சம்மட்டி போல, தையல்காரனுக்குக் கத்தரி போல, இந்த வீட்டில் இசைத்தட்டுகள் குளிக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய மல் வேட்டித் துணியை நனைத்து, நடுக் காகிதம் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டு, வரி போகிற போக்கிலேயே வட்டமாக அவள் துடைப்பாள், குறுக்கே துடைத்தால் கீறும். அவர் வாங்கி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நிறுத்துவார். காய்ந்ததும் ஒவ்வொன்றின் நடுவிலும் அவள் ஒரு சந்தனப் பொட்டு வைப்பாள். அந்த ஒரு நாள் முழுக்க அவர் அவளை ஒரு வார்த்தை வைததில்லை, அதனால் அவளுக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பிடிக்கும்.

மற்ற நாட்களில் வைவார். ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று காலையில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிய பிறகு நாதஸ்வரத் தட்டை மறந்துவிட்டது ஞாபகம் வந்து, "ஏட்டி, அந்தப் பெரிய தட்ட எடுத்துட்டு வா" என்று தெருவில் இருந்தபடியே கத்தினார். வாழைக்காய்க்கு மஞ்சளும் எண்ணெயும் பிரட்டிக்கொண்டிருந்தவள் பிரட்டிய கையோடு ஓடி வந்தாள், அவசரத்தில் உறை ஒரு கையிலும் தட்டு ஒரு கையிலுமாக.

"ஓரத்தப் பிடிக்கத் தெரியாதா ஒனக்கு? எத்தன வருசமாச் சொல்லுதேன், மண்டையில ஏறுதா? தட்டத் தொடாதட்டின்னா தொடாத!"

"அழுத்திப் பிடிக்காட்டா விழுந்துரும்லா" என்றாள் முப்பிடாதி, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டை வாங்கி உறையில் போட்டார். கோபத்தில் அன்று அந்தத் தட்டை வெளியே எடுக்கவே இல்லை, வேறு தட்டைப் போட்டார். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது ஆள் வந்து கூப்பிட்டார்கள். அடுப்பை அணைத்து, வாழைக்காய்ப் பொரியலைத் தட்டால் மூடிவைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவள் போயிருந்தாள். மாரடைப்பு என்றார்கள். அண்ணாச்சி மூடியிருந்த பொரியலையே பார்த்துக்கொண்டு நின்றார், அழக்கூட இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் அவர் அந்தத் தட்டை உருவிப் பார்த்தார். கறுப்பின் நடுவில், விளிம்புக்கும் காகிதத்துக்கும் சரிபாதியில், ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. மஞ்சளும் எண்ணெயுமாக, ரேகை ரேகையாக, தெளிவாக. பழக்கம் விடுமா, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து குனிந்தார். துணி ரேகைக்கு மேலேயே நின்றுவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக, அழுக்கு என்று தெரிந்தும் துடைக்காமல், தட்டை அப்படியே ஓடவிட்டார்.

நாதஸ்வரம் எடுத்தது, தவில் சேர்ந்தது, ராகம் வளர்ந்துகொண்டே போனது. ரிக்கார்டு பிளேயரின் முள் நகர்ந்து நகர்ந்து விரல் பட்ட இடத்தின் ஓரத்தைத் தொட்டதும் முப்பிடாதி பேசினாள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி ரேகை முள்ளுக்குக் கீழே வரும்போது ஒரு வார்த்தை, மறுபடி ஒரு சுற்று நாதஸ்வரம், மறுபடி ஒரு வார்த்தை. "சாப்பாட்ட" என்றாள். "மூடி" என்றாள். "வச்சிருக்கேன்" என்றாள். "ஆறிரும்" என்றாள். "சாப்பிடுங்க" என்றாள். அவருக்கு ஆச்சரியமாக இல்லை; அவள் சொன்னாளே என்று எழுந்து போய் அடுப்படியில் பார்த்துவிட்டு வந்தார், ஒன்றும் இல்லை, வந்து உட்கார்ந்து அன்றுதான் அழுதார்.

அடுத்த வீட்டுப் பேச்சிக்கனிக்குச் சுவர் வழியாகவே எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் பயப்படவில்லை, கூச்சல் போடவில்லை, மறுநாள் நேரே வந்து ரிக்கார்டு பிளேயர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "மதினி, எங்க வீட்டு அருவாமணைய வாங்கிட்டுப் போனியே, அத எங்கதான் வச்சிருக்கே?" என்று கேட்டாள். தட்டு சுற்றியது, நாதஸ்வரம் ஓடியது, விரல் இடம் வந்ததும் பதிலும் வந்தது: "பரண்ல. சாக்குக்கு. அடியில." ஏறிப் பார்த்தார்கள், இருந்தது, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. அதற்கப்புறம் மேட்டுத் தெருவில் யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தட்டு ஓடும் என்பது தெருவுக்குப் பழகிப்போனது. டீக்கடைக்காரர் அந்த நேரத்துக்குத் தன் ரேடியோவை நிறுத்திவைத்தார். பெண்கள் வெற்றிலையும் முறமுமாக வந்து உட்கார்ந்து, கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். இடையிடையே அவள் புருஷனையும் விடமாட்டாள், சாப்ட்டீயளா, மருந்து போட்டீயளா, சாரல்ல நனையாதீங்க என்பாள். மருமகளோடு மனத்தாங்கல் உள்ளவள் அதைச் சொன்னாள், நாளைக்குப் பதில் வரும் என்று போனாள், வந்தது. கோயில் பூசாரி ஒரு நாள் திருநீறோடு வந்து, பேயா என்று பார்க்கப் போகிறேன் என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தார், "பூசாரிக்கு. காப்பி. குடுங்க. வெறும். வயித்தோட. வந்திருக்காரு" என்று தட்டு சொல்லக் கேட்டு, பேய் ஆளைப் பிடிக்குமே தவிரக் காப்பி கொடுக்கச் சொல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஜாதகம் கேட்க வந்தவர்களிடம் "எனக்கு. என்ன. தெரியும்" என்றாள். ஓட்டுக் கேட்டு வந்தவர் தன் சின்னத்தை அவள் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார், "தெருக்குழாய்ல. தண்ணி. வரல" என்று மட்டும் சொன்னாள், அவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

சுமங்கலியாய்ப் போனவள், மஞ்சள் கையோடு போனவள், அவள் குரல் கல்யாண வீட்டில் கேட்டால் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆவணி முகூர்த்தத்துக்கெல்லாம் அந்த நாதஸ்வரத் தட்டுத்தான் வேண்டும் என்று போட்டி. அண்ணாச்சி மாட்டேன் என்று சொல்லமாட்டாமல் எடுத்துப் போனார். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்க, "பொண்ணுக்கு. வேர்க்குது. விசிறுங்க" என்று அவள் சொல்வாள், நாலு பேர் விசிறியோடு ஓடுவார்கள். பெண்ணைப் பெற்றவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இத்தனை பேருக்குப் பதில் சொன்னவள் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு தட்டை மறுபடி வைத்து அண்ணாச்சி கேட்பார்: "அன்னைக்கு வைஞ்சேனே. கோவமாட்டி?"

"மருந்து. போட்டீயளா" என்பாள்.

"போட்டுக்கிட்டேன். கோவமான்னு கேக்கேன்."

"சாப்ட்டீயளா" என்பாள். அதற்குள் விரலின் மறு ஓரம் வந்துவிடும். பெருவிரல் அளவுதானே அவளுக்கு இடம், முள் தாண்டிவிட்டால் மீதியெல்லாம் வெறும் நாதஸ்வரம். நாளைக்குச் சொல்வாள் என்று தட்டை உறையில் போடுவார். அந்த நாளைக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார், குளித்தார், சோறு பொங்கித் தின்றார், இதில் மிகையாக ஒன்றும் இல்லை.

அவள் இருப்பது அந்த ரேகையில் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் இருக்கிறாள் என்றுதான் தெரு நினைத்திருந்தது. ரேகையைக் காட்டினால் அது எப்படி விழுந்தது என்று கேட்பார்கள், அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பார்கள். அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்தது; ஆனி, ஆடி என்று தொடங்கியது ஆவணி தாண்டியும் நிற்கவில்லை, உப்பு தண்ணீராய்ப் போனது, தீப்பெட்டி எரியவில்லை, சுவரெல்லாம் வியர்த்தது. அண்ணாச்சி அலமாரிக்குள் கரித்துண்டைத் துணியில் கட்டிவைத்தார், தட்டுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஒரு பல்பை எரியவிட்டார். ஆனாலும் அவர் ஊருக்கெல்லாம் சொன்னது அவர் வீட்டிலேயே பலித்தது. எண்ணெய் பட்ட இடத்தைத் தேடிப் பூஞ்சை வந்தது. முதலில் விரலின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு பொட்டு, பிறகு பூசினது போல ஒரு படலம். முப்பிடாதியின் குரல் கம்மியது. சில வார்த்தை காற்றாக மட்டும் வந்தது.

"மதினிக்குச் சாரல் ஒத்துக்கல, தொண்டை கட்டிட்டு" என்றாள் பேச்சிக்கனி. தெரு முழுக்க வைத்தியம் பார்த்தது. ஒருத்தி சுக்குக் கஷாயம் கொண்டுவந்து பிளேயர் முன்னால் வைத்தாள், ஒருத்தி மிளகைத் தட்டிப் பாலில் போட்டுவந்தாள், பள்ளிவாசல் தெருவில் இருந்து தேன் வந்தது. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். துடைத்தால் பூஞ்சை போகும், பூஞ்சையோடு அவளும் போவாள். துடைக்காவிட்டால் பூஞ்சை அவளைத் தின்றுகொண்டே இருக்கும். முள் வேறு தேய்ந்து வரியை அறுக்கத் தொடங்கியிருந்தது. டவுனில் மெல்லிசான முள் கிடைக்கும், பூஞ்சைக்குத் தண்ணீர் படாத மருந்து ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம் என்று ஒரு காலையில் பஸ் ஏறினார். வழக்கம்போல, முப்பிடாதி படத்துக்கு விளக்கேற்றுவதற்காக, சாவியைப் பேச்சிக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிந்தால் ஆயுத பூஜை. துக்க வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, அதனால் அவர் அதை நினைக்கவே இல்லை. ஆனால் துக்க வீட்டில் பண்டிகை இல்லை என்றால், பக்கத்து வீட்டார் அந்த வீட்டுக்கும் சேர்த்துப் பலகாரம் சுட்டுக் கொடுத்தனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். துக்கம் அவர்களுக்கு, பண்டிகையை நாம் சுமந்துகொள்வோம் என்கிற கணக்கு. விளக்கேற்ற வந்த பேச்சிக்கனி அலமாரியைப் பார்த்தாள், தூசி படிந்து நின்ற தட்டுகளைப் பார்த்தாள், இந்த நாளில் மதினி இவற்றை எப்படிக் குளிப்பாட்டுவாள் என்று நினைத்தாள். இந்த வீட்டில் பூஜை போடக் கூடாது, சரி, நம் வீட்டில் வைத்துக் கழுவக் கூடாது என்று யார் சொன்னது? தெருப் பெண்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி பூந்திக்கொட்டை ஊறவைத்தாள், ஒருத்தி பழைய வேட்டியைக் கிழித்தாள். முதலில் பெரிய தட்டைத்தான் எடுத்தார்கள். அதன்மேல் படர்ந்திருந்த வெள்ளையைப் பேச்சிக்கனி மற்றவர்களுக்குக் காட்டினாள்.

"பாத்தியளாட்டி, இந்தச் சனியன்தான் மதினி தொண்டைய அடைச்சிருக்கு!"

டப்பா மூடியைக் கவிழ்த்து, வரி போகிற போக்கிலேயே, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்தாள். ஒரு தடவை போதாதென்று இரண்டாம் தடவையும் துடைத்தாள்.

மத்தியான பஸ்ஸில் அண்ணாச்சி புது முள்ளோடு வந்து இறங்கியபோது, தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு நல்ல காரியம் செய்தவர்களின் முகத்தோடு. அலமாரியில் தட்டுகள் பளபளவென்று நெட்டுக்குத்தாக நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனப் பொட்டு. அவர் பெரிய தட்டை எடுத்தார், சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். புது முள்ளை மாட்டினார், தட்டை வைத்தார்.

நாதஸ்வரம் அவ்வளவு சுத்தமாக அந்த ஊரில் அதுவரை கேட்டதில்லை; வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. விரல் இடம் வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இடம் தாண்டிப் போய்விட்டது.

"மதினி ஏன் அண்ணாச்சி பேசல? நல்லாத்தானே கழுவினேன்?"

"அவ பெருவிரல் பட்டிருந்துச்சு தாயி. மஞ்சக் கை. அதுலதான் இருந்தா."

பேச்சிக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ நான் கொன்னுட்டேனே, மதினிய நான் கொன்னுட்டேனே என்று அவள் அழுத அழுகையில், முப்பிடாதி செத்த அன்று அழாதவர்களும் அழுதார்கள். வாழ்நாளெல்லாம் ஒரு ரேகைக்காக ஊரையே வைத மனுஷன் அன்று யாரையும் வையவில்லை. தட்டை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அழாத பேச்சி. நல்லாத்தான் கழுவியிருக்க. ஓரத்தப் பிடிச்சுத்தான் தொட்டிருக்க, உன் ரேககூட ஒண்ணு விழல" என்றார். அவர் வைதிருந்தால் அவளுக்கு அது தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு அவர் அடுப்படிக்குப் போனார். மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பெருவிரலைத் தோய்த்து, சரியாக அதே இடத்தில் அழுத்தினார். ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். தட்டை ஓடவிட்டபோது எதுவும் கேட்கவில்லை, சுற்றுக்கு ஒரு தடவை சின்னதாய் ஒரு உறுத்தல் மட்டும்.

"ஒண்ணும் வரலயே அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர்.

"நமக்கு வராது. அவளுக்குக் கேக்கும்" என்று சொல்லித் தட்டை உறையில் போட்டார்.

அதற்கப்புறமும் ரேடியோ செட் கட்டினார், குழாய் ஏற்றினார், ஆனால் அந்தத் தட்டைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகவில்லை. அடுத்த வருஷச் சாரலில் ஒரு காய்ச்சல் வந்தது, மருந்து சாப்பிடச் சொல்லி நினைவூட்ட ஆள் இல்லை, போய்விட்டார்.

அவருடைய பதினாறாம் நாள், காரியம் முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பகல் வேளையில், பேச்சிக்கனி யாரையும் கேட்காமல் அந்தத் தட்டை எடுத்து வைத்தாள். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தாள். நாதஸ்வரம் எடுத்தது, தவில் சேர்ந்தது, விரல் இடம் வந்தது.

"ம்" என்றார் ஆவுடையப்பன்.

பந்தியில் இலையில் இருந்த கைகள் அப்படியே நின்றன. சில சுற்றுக்கு வெறும் நாதஸ்வரம். "சாப்ட்டேன்" என்றார். மறுபடி வெறும் சுற்று. "போட்டுக்கிட்டேன்" என்றார். அந்த வெறும் சுற்றுகளில் என்ன இருந்தது என்று தெருவுக்குத் தெரியும்; சாயங்காலம் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே அவள் வாயால் காதில் வாங்கிய கேள்விகள்தானே. முப்பிடாதி அங்கே கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், இவர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், கழுவிவிட்டதால் இந்தப் பக்கம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பேச்சிக்கனியின் உதடு தானாக அசைந்தது. மருந்து போட்டீயளா என்று அவள் முணுமுணுத்த இடத்துக்குச் சரியாக அவர் பதில் வந்து விழுந்தது. சாரல்ல நனையாதீங்க என்று அவள் சொன்ன இடத்தில் அவர் "ம்" என்றார். பந்தியில் இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

விரலின் மறு ஓரம் நெருங்கும்போது அவர் குரல் மாறியது.

"ஓரத்த" என்றார். ஒரு சுற்று. "பிடிக்காண்டாம்" என்றார். ஒரு சுற்று. "அழுத்தியே" என்றார். "பிடி" என்றார். பிறகு, ரொம்பத் தயங்கி, "கோவமாட்டி" என்றார்.

அதற்கப்புறம் வெறும் சுற்றுகள். ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. முப்பிடாதி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமான பதில். அந்த ஒரு பதிலைத் தெருவில் யாரும் எப்போதும் கேட்டதில்லை, அதனால் அதை நிரப்ப ஒருத்திக்கும் தெரியவில்லை. பேச்சிக்கனியின் உதடு அசையாமல் நின்றுவிட்டது. அவர் மட்டும் அங்கே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முள் விரலைத் தாண்டியது. நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.